நாய்க்கடி ஊசிக்கு 3 நாள், குழந்தை ஊசிக்கு 4 வாரம்: இந்த இடைவெளிக் கணக்கு எதற்கு?

கட்டபெட்டு_அம்மா | செவ்வாய், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். மனசு பதறிக்கொண்டே இருக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என் பையனுக்கு 9 வயது. போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பால் வாங்கப் போனவனை ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. இரண்டு பல் இறங்கி ரத்தம் வந்தது. குழாயடியில் உட்காரவைத்து, குளிக்கிற சோப்பைப் போட்டு, அவன் கத்தக் கத்தக் கழுவினேன். அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி ஒரு மருந்து ஏற்றினார்கள். அப்புறம் இரண்டு தோளிலும் ஒவ்வொரு சின்ன ஊசி. தோலுக்குள்ளேயே போட்டார்கள், கொசு கடித்த மாதிரி உப்பி நின்றது. அட்டையில் 0, 3, 7, 28 என்று எழுதித் தந்தார்கள்.

0, 3 ஆயிற்று. 7-ஆம் நாள் இங்கே நீலகிரியில் மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும். சாலையில் மரம் விழுந்து, அதன்மேல் மண்ணும் சரிந்து, பஸ் ஓடவில்லை. இன்றைக்கு 9-ஆம் நாள். நாளைக் காலையில் பாதை திறந்துவிடுவார்கள் என்கிறார்கள். இடையில் எனக்குத் தெரிந்த ஒரு தனியார் கிளினிக்குக்குப் போன் போட்டேன். "நாள் தவறிப்போச்சு, போட்டதெல்லாம் வீண், முதலிலிருந்து ஆரம்பிக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

இன்னொன்று. கைக்குழந்தைக்கு 10-ஆம் வாரத்து ஊசி காய்ச்சலால் 2 வாரம் தள்ளிப் போய்விட்டது. அதுவும் வீணா? ஒன்றுக்கு 3 நாள், ஒன்றுக்கு 4 வாரம், ஒன்றுக்கு 6 மாதம் என்று யார் எதை வைத்து இந்தக் கணக்கைப் போட்டார்கள்?

செவிலியம்மா_தும்மனட்டி | செவ்வாய், இரவு 9.05

முதலில் சாப்பிடும்மா. பையனுக்குப் போட்டது எதுவும் வீணாகவில்லை.

நான் 31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியாக இருந்தவள். நாய்க்கடி ஊசியில் ஒரு நாள் தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், அவ்வளவுதான். முதலிலிருந்து ஆரம்பிக்கிற வழக்கம் இல்லை. நாளைக்குப் போனதும் 7-ஆம் நாள் ஊசியைப் போடுவார்கள். 3 நாள் தள்ளியதால் 28 என்பதும் அதே அளவு தள்ளிப் போகும். அட்டையில் டாக்டரையே புதுத் தேதி எழுதச் சொல்லி வாங்கிக்கொள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன், "அப்படியென்றால் மெதுவாகப் போகலாம்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாய்க்கடியில் ஒவ்வொரு நாளும் முக்கியம். முதல் பஸ்ஸிலேயே போ.

சோப்புப் போட்டுக் கழுவினாயே, அதுதான் பாதி வைத்தியம். 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் வைத்துக் கட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள். நீ செய்தது ரொம்பச் சரி.

கைக்குழந்தைக்கும் அதே பதில்தான். நாளைக்குப் புதன்கிழமை, ஊசி நாள். கையோடு தூக்கிக்கொண்டு போய்விடு. 2 வாரம் தள்ளியதால் முதல் ஊசி கெட்டுவிடாது. அடுத்ததை நாளையிலிருந்து 4 வாரம் கழித்துப் போடுவார்கள்.

நாங்கள் மறுப்பது தாமதமாக வருபவர்களை அல்ல, சீக்கிரமாக வருபவர்களைத்தான். ஒரு முறை ஹெத்தையம்மன் பண்டிகை முடிந்த கையோடு ஒரு பெண் வந்தாள். 6-ஆம் வார ஊசி போட்டு 2 வாரம்தான் ஆகியிருந்தது. "கீழே அம்மா வீட்டுக்குப் போறேன் அக்கா, வர இரண்டு மாசம் ஆகும், அடுத்ததையும் இப்பவே போட்டுவிடுங்க" என்றாள். மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டாள். அட்டையில் சரியான தேதியை எழுதி, அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டு என்று அனுப்பினேன். 4 வாரத்துக்குள் போட்டால் போட்ட மாதிரிதான் இருக்கும், உடம்பில் சேர வேண்டியது சேராது. ஏன் என்பதை என்னைவிடப் படித்தவர்கள் சொல்லட்டும்.

பழைய_ஆய்வகத்தார் | செவ்வாய், இரவு 9.50

அம்மா, செவிலியம்மா சொன்னதை அப்படியே செய்யுங்கள். குன்னூரில் தடுப்பூசி தயாரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "யார் போட்ட கணக்கு" என்று கேட்டீர்களே, அதற்குக் கொஞ்சம் சொல்கிறேன்.

1885 ஜூலை 6. பாரிஸில் லூயி பாஸ்டரிடம் ஜோசஃப் மைஸ்டர் என்ற பையனைக் கொண்டுவருகிறார்கள். உங்கள் மகனைப் போலவே 9 வயது. வெறிநாய் பல இடத்தில் கடித்திருந்தது. 10 நாளில் 13 ஊசி போட்டார் பாஸ்டர். வெறிநோய் வந்த முயலின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்த மருந்து அது. ரொம்ப நாள் உலர்ந்த, வலுக்குறைந்ததில் ஆரம்பித்து ஒவ்வொரு நாளும் வலு கூடியதாகக் கொடுத்துக்கொண்டே போனார். பையன் பிழைத்தான்.

நம் நாட்டில் 1900-இல் இமயமலைப் பக்கம் கசௌலியில் முதல் பாஸ்டர் நிலையம் வந்தது. தெற்கே கடிபட்டவர்கள் ரயிலேறி அவ்வளவு தூரம் போக வேண்டும். மருந்து இருந்தும் நாள் போய்விடும். 1902-இல் லில்லி பாகன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடியில் இறந்த துயரம்தான் தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சைக் கிளப்பியது. ஹென்ரி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடையும் சேர்ந்து 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தது. சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இன்றும் நிற்கிறது. ஆக, நம் ஊரில் அந்தக் கட்டடம் நிற்பதற்கே காரணம் நாள் கணக்குதான்.

"தொப்புளைச் சுற்றி 14 ஊசி" என்று நம் பெற்றோர் பயந்தது செம்மறியாட்டு மூளையில் செய்த பழைய மருந்தை. தினம் ஒன்றாகப் போட வேண்டும். மருந்தில் வலு குறைவு, அதனால் எண்ணிக்கை அதிகம். நரம்பைத் தாக்கும் பக்கவிளைவும் சிலருக்கு வந்தது. 2004-ஆம் ஆண்டின் முடிவோடு இந்தியாவில் அதன் தயாரிப்பு நின்றது. இப்போது செல் வளர்ப்பில் செய்கிற சுத்தமான மருந்து. அதனால்தான் 14 என்பது 4 ஆனது. தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு தோளிலும் போடுகிற முறைக்கு 2006-இல் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. தோலில் காவல் செல்கள் நிறைய உண்டு, கொஞ்சம் மருந்தே போதும்.

தூதூர்மட்டம்_ரவி | செவ்வாய், இரவு 10.15

எல்லாம் சரி ஐயா. இடைவெளி என்றாலே எனக்கு 2021 ஞாபகம்தான் வருகிறது. கோவிஷீல்டுக்கு முதலில் 28 நாள் என்றார்கள். மார்ச்சில் 6 முதல் 8 வாரம் என்றார்கள். மே 13-இல் 12 முதல் 16 வாரம் என்றார்கள். என் அப்பா ஏப்ரலில் முதல் ஊசி போட்டவர். இரண்டாவதுக்குத் தேதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தள்ளிவிட்டார்கள். ஜூனில் தொற்று வந்து 11 நாள் ஆக்சிஜனில் கிடந்தார். பிழைத்துவிட்டார், ஆனால் இன்றும் ஒரு மேடு ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். ஸ்டாக் இல்லாததால்தான் தள்ளினார்களா, உண்மையிலேயே அறிவியல் இருந்ததா? யாராவது நேராகப் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

கூடலூர்_ஆராய்ச்சி_மாணவி | செவ்வாய், இரவு 11.30

ரவி அண்ணா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் உடம்புக்குள் நடப்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பதில் புரியாது. நான் நோயெதிர்ப்பியல்தான் படிக்கிறேன்.

பையனுக்குத் தோளில் ஊசி போட்டார்கள். அந்த மருந்து, அதைத் தூக்கிக்கொண்டு போகிற செல்களோடு சேர்ந்து, அக்குளில் இருக்கிற நிணநீர்க்கணுவுக்குப் போய்ச் சேருகிறது. கைக்குழந்தைக்குத் தொடையில் போட்டால் இடுப்பு மடிப்பில் இருக்கிற கணு. அங்கே லட்சக்கணக்கான பி செல்கள் (வெள்ளணுவில் ஒரு வகை), ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவக் கொக்கியோடு காத்திருக்கின்றன. புதிதாக வந்த பொருளில் மாட்டுகிற கொக்கி இருப்பது அதில் ரொம்பக் கொஞ்சம் செல்லுக்குத்தான். அந்தக் கொஞ்சமும் பெருக ஆரம்பிக்கின்றன.

பெருகியதில் ஒரு கூட்டம் உடனே எதிர்ப்பொருளை, அதாவது கிருமியைப் பிடிக்கிற புரதத்தை, சுரக்கப் போய்விடும். அவசரத்துக்குச் செய்தது, பிடிமானம் சுமார்தான். இன்னொரு கூட்டம் கணுவுக்குள்ளேயே தங்கி ஒரு பட்டறை போடுகிறது. முளைமையம் என்று இதைச் சொல்வார்கள். அங்கே பி செல்கள் தங்கள் கொக்கியின் அச்சை வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பார்க்கின்றன. மாற்றியது நன்றாக மாட்டினால் பிழைக்கும், மாட்டாவிட்டால் சாகும். நாள் போகப் போக மருந்துத் துணுக்கு குறைந்துகொண்டே வரும். குறையக் குறையப் போட்டி கடுமையாகும். கடைசியில் நிற்பவை கெட்டியாகப் பிடிக்கிற செல்கள்தான். அவற்றில் சில எலும்பு மஜ்ஜைக்குப் போய் வருடக்கணக்கில் எதிர்ப்பொருள் சுரக்கும். சில, அதே பொருள் மறுபடி வந்தால் சட்டென்று எழுந்துகொள்கிற நினைவுச் செல்லாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தப் பட்டறை வேலை ஒரு வாரத்தில் தொடங்கி, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நடக்கிறது. 2022-இல் வெளியான ஒரு குரங்கு ஆய்வில், முதல் தவணையை ஒரே ஊசியாகப் போடாமல் 12 நாளில் பிரித்து, அளவைக் கூட்டிக் கூட்டிப் போட்டார்கள். பட்டறை 6 மாதத்துக்கும் மேல் ஓடியது. படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

செவிலியம்மா சொன்ன பெண் விஷயத்துக்கு வாருங்கள். 2 வாரத்தில் அடுத்த ஊசி போட்டால் என்ன ஆகும்? நினைவுச் செல் இன்னும் போதிய அளவு உருவாகியிருக்காது, அதனால் தட்டி எழுப்ப ஆள் இல்லை. போதாததற்கு, முதல் ஊசியில் வந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும். புதிதாக வருகிற மருந்தை அதுவே மூடி, கணுவுக்குப் போகும் முன்னால் துடைத்துவிடும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தை ரத்தத்தில் இருப்பதால் தட்டம்மை ஊசியை 9 மாதம் வரை தள்ளிவைக்கிறோமே, அதே காரணம்தான்.

தாமதமாகப் போட்டால்? நினைவுச் செல் உடம்பிலேயேதான் இருக்கும், எங்கேயும் போகாது. அதனால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கொழுந்து_எடப்பள்ளி | புதன், காலை 6.10

எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பாப்பா எழுதியதைப் படித்ததும் கவாத்துதான் ஞாபகம் வந்தது. கவாத்து வெட்டின செடி துளிர்க்க ஆரம்பித்ததும் கை பரபரக்கும், நாலு காசு பார்க்கலாமே என்று. அப்போதே கிள்ளினால் செடி படராது, பந்தல் கட்டாது, வருடம் முழுக்க மகசூல் அடிவாங்கும். சும்மா விட்ட மாதிரித் தெரிகிற அந்த மூணு மாசத்தில்தான் செடி அடியில் தண்டை மரமாக முற்றவைக்கிறது. உள்ளே நடக்கிற வேலை வெளியே தெரியாது.

கட்டபெட்டு_அம்மா | புதன், காலை 6.45

பாதை திறந்துவிட்டது என்று செய்தி வந்திருக்கிறது, 8 மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கணு, பட்டறை எல்லாம் புரிந்தது. ஆனால் ஒன்று இடிக்கிறதே தங்கச்சி. சீக்கிரம் போட்டால் வேலைக்காகாது என்றால் பையனுக்கு ஏன் 3 நாளில் போட்டார்கள்?

கூடலூர்_ஆராய்ச்சி_மாணவி | புதன், காலை 9.20

அக்கா, இந்தக் கேள்வியை என் வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

குழந்தை ஊசியில் நோய் இன்னும் வரவில்லை. எப்போதோ வந்தால் தயாராக இருக்க வேண்டும், அதற்கு நினைவு வேண்டும், நினைவுக்கு நாள் வேண்டும். பையன் விஷயத்தில் கிருமி அன்றைக்கே உள்ளே போயிருக்கலாம். வெறிநோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் நோய் வெளிப்பட 1 முதல் 3 மாதம் ஆகும். தலை, முகத்தில் கடித்தால் இன்னும் சீக்கிரம். மூளைக்குப் போய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது நடக்காத காரியம். அதனால் இது ஓட்டப்பந்தயம். இங்கே 3-ஆம் நாள், 7-ஆம் நாள் ஊசிகள் நினைவைத் தட்டி எழுப்புவதற்காகப் போடுவதில்லை. முதல் எழுச்சி நடந்துகொண்டிருக்கும்போதே அதன் மேல் மேலும் தூண்டுதல் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். இரண்டு தோளில் போடுவது இரண்டு பக்கக் கணுவையும் ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க. இப்படிச் செய்தால் 14 நாளுக்குள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் போதிய எதிர்ப்பொருள் வந்துவிடுகிறது. 28-ஆம் நாள் ஊசி வந்ததை நிலைநிறுத்த.

பழைய_ஆய்வகத்தார் | புதன், காலை 10.00

இதோடு சேர்த்து ஒன்று. ஊசி போட்ட நாளிலிருந்து எதிர்ப்பொருள் வரும் வரை 7 முதல் 14 நாள் உடம்பு வெறுங்கையோடு நிற்கும். அந்த நாட்களுக்காகத்தான் பையன் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள். வேறொரு உடம்பில் தயாரான எதிர்ப்பொருள், இரவல் வாங்கியது. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டிவிட்டால் அதைப் போடுவதில்லை. ஏன் தெரியுமா? அதற்குள் சொந்தச் சரக்கு வர ஆரம்பித்திருக்கும், இரவல் அதைக் கெடுக்கக் கூடாது. மாணவி சொன்ன 'துடைத்துவிடும்' கதைதான்.

முழுக் கோர்ஸ் முடித்தவரைப் பின்னாளில் மறுபடி நாய் கடித்தால் 0, 3 என்று இரண்டே ஊசி போதும். இம்யூனோகுளோபுலினும் வேண்டாம். பல வருடம் கழித்தும் நினைவு எழுந்துகொள்ளும். இந்த முதல், இரண்டாம் எழுச்சி வித்தியாசத்தை 1921-லேயே கிளென்னி என்ற ஆங்கிலேயர் தொண்டை அடைப்பான் நஞ்சை வைத்துப் பிராணிகளில் காட்டிவிட்டார். முதல் ஊசிக்கு உடம்பு மெதுவாக, கொஞ்சமாக அசையும். இடைவெளி விட்டுப் போட்ட இரண்டாவதுக்குச் சட்டென்று, பல மடங்காக எழும். பி செல், டி செல் என்ற பேரே இல்லாத காலம் அது.

மஞ்சள் காமாலை பி ஊசியில் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு வழக்கமானது 0, 1, 6 மாதம். அவசரமாக வெளிநாடு போகிறவருக்கு 0, 7, 21 நாள் என்று ஒரு குறுக்குவழி உண்டு. அதில் போனால் 12-ஆம் மாதம் நாலாவது ஊசியும் கட்டாயம் போட வேண்டும். அவசரத்தில் விட்டதைப் பின்னால் கட்டச் சொல்கிறது உடம்பு.

தூதூர்மட்டம்_ரவி | புதன், காலை 11.15

என் கேள்வி அப்படியே நிற்கிறது.

கூடலூர்_ஆராய்ச்சி_மாணவி | புதன், பிற்பகல் 1.40

நிற்கிறது அண்ணா, வேண்டுமென்று தாண்டவில்லை. எண்களைச் சரிபார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

அறிவியல் இருந்தது. 2021 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு குழு லான்செட் இதழில் வெளியிட்ட கணக்கில், இரண்டு ஊசிக்கும் இடையே 6 வாரத்துக்குக் குறைவாக விட்டவர்களிடம் பலன் 55.1 சதவீதம், 12 வாரமோ அதற்கு மேலோ விட்டவர்களிடம் 81.3 சதவீதம். பிரிட்டனில் ஃபைசர் ஊசியை 3 வாரத்துக்குப் பதில் 12 வாரத்தில் போட்ட 80 வயது தாண்டியவர்களிடம் எதிர்ப்பொருளின் உச்சம் 3.5 மடங்கு அதிகம். தொற்றிய செல்லை அழிக்க உதவுகிற டி செல்லின் உச்சம் மட்டும் நீண்ட இடைவெளியில் குறைவாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கோவிஷீல்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. மருந்தைச் சுமந்துவருவது ஒரு அடினோ வைரஸ். முதல் ஊசியில் அந்த வண்டிக்கே உடம்பு எதிர்ப்பு உண்டாக்கிவிடும். நாள் விட்டால் அது தணியும், இரண்டாம் ஊசி தடையில்லாமல் வேலை செய்யும் என்பது சொல்லப்படுகிற காரணங்களில் ஒன்று.

ஆனால் அந்த 81.3 டெல்டா என்ற உருமாறிய கொரோனா வருவதற்கு முந்தைய எண். டெல்டாவுக்கு எதிராக ஒரு ஊசி மட்டும் போட்டவர்களிடம் அறிகுறியோடு நோய் வராமல் தடுத்தது சுமார் 31 சதவீதம்தான் என்று பிரிட்டன் கணக்குச் சொன்னது. இரண்டும் போட்டவர்களிடம் இந்த ஊசிக்கு 67. ஆக, இரண்டாம் ஊசிக்குக் காத்திருந்த அந்த வாரங்களில் உங்கள் அப்பா கையில் இருந்தது பாதிக்கவசம். இந்தியா 12 முதல் 16 வாரம் என்று அறிவித்ததற்கு மறுநாள், மே 14-இல், பிரிட்டன் 50 வயது தாண்டியவர்களுக்கு 12 வாரத்தை 8 ஆகக் குறைத்தது. அவர்களும் அதே ஆய்வைப் படித்தவர்கள்தான். வாசலில் டெல்டா நின்றதால் கணக்கை மாற்றினார்கள்.

நோய் ஊருக்குள் வராதபோது நீண்ட இடைவெளி லாபம். அலை அடித்துக்கொண்டிருக்கும்போது, அதுவும் வயதானவர்களுக்கு, அந்தக் காத்திருப்பே ஆபத்து. தட்டுப்பாடும் இருந்தது, அந்த ஏப்ரல், மே மாதங்களில் முகாம் வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். இருக்கிற மருந்தை நிறையப் பேருக்கு ஒரு தவணையாவது கொடுப்பதா, கொஞ்சம் பேருக்கு இரண்டும் முடிப்பதா என்ற கேள்விக்கு ஆய்வகத்தில் விடை கிடையாது. வயதானவர்களுக்கு மட்டுமாவது குறைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

தூதூர்மட்டம்_ரவி | புதன், பிற்பகல் 2.30

நன்றி தங்கச்சி. நாலு வருடமாக எங்கே கேட்டாலும் ஒன்று "சும்மா தள்ளினாங்க", இல்லாவிட்டால் "அரசு சொன்னா சரியாத்தான் இருக்கும்". இரண்டுமே எனக்குப் பதிலாக இல்லை. அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டப்போகிறேன்.

பந்தலூர்_ஆசிரியர் | புதன், மாலை 5.10

எங்கள் பள்ளிக்கு வருகிற பணியர் பழங்குடிக் குடும்பப் பிள்ளைகள் பாதிப்பேர் அப்பா அம்மாவோடு வயநாடு, குடகு என்று காப்பி வேலைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வர 3 மாதம், 4 மாதம். அட்டை மழையில் நனைந்து எழுத்தே தெரியாது. போன மாதம் ஒரு மூன்று வயதுக் குழந்தை, தட்டம்மை ஊசி ஒன்றுதான் ஆகியிருக்கிறது. "நாள் போயிடுச்சு சாரே, இனிப் போட மாட்டாங்க" என்று அந்த அம்மாவே முடிவு செய்துவிட்டாள். இப்படி எத்தனை பேர் வீட்டோடு இருந்துவிடுகிறார்களோ.

செவிலியம்மா_தும்மனட்டி | புதன், மாலை 6.00

சார், அந்தக் குழந்தையை வருகிற புதன்கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள். தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது தவணை 16 முதல் 24 மாதத்தில் போட வேண்டியது, விட்டுப்போனால் 5 வயது வரை போடலாம். அந்த இரண்டாவது ஊசி போடுகிற காரணமே வேறு. 9 மாதத்தில் போடும் முதல் ஊசி 100 குழந்தையில் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும். யாருக்குப் பிடிக்கவில்லை என்று பார்த்தால் தெரியாது. அந்த மிச்சம் 15 பேரைப் பிடிப்பதற்குத்தான் எல்லோருக்கும் இன்னொன்று. அதனால் விட்டுவிடவே கூடாது. அட்டை இல்லாவிட்டாலும் செவிலியிடம் பதிவேடு இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

நாள் போய்விட்டது என்று தாய்மார்கள் வெட்கப்பட்டு வராமல் இருப்பது எனக்குத் தெரியும். அதற்கு எங்களில் சிலர் திட்டுவதும் காரணம். "இத்தனை நாள் எங்கே போனே" என்று முதல் வார்த்தை கேட்டால் அடுத்த முறை அவள் வரவே மாட்டாள். நானும் ஆரம்பத்தில் அப்படிக் கேட்டவள்தான். 2009 நவம்பர் மண்சரிவின்போது பாதை போய், ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போனேன். ஒரு ஊரில் எனக்கு முன்னால் எட்டுத் தாய்மார்கள் நனைந்துகொண்டு நின்றார்கள், எல்லாம் நாள் தவறின குழந்தைகள். அதற்கப்புறம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

பெட்டி என்றதும் ஞாபகம் வந்தது. நாள் சரியாக இருந்தும் மருந்து கெட்டிருந்தால் பலனில்லை. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டை எல்லோரும் பயப்படுவார்கள், இந்த மலையில் உறைபனியும் எமன். ஐந்து நோய்க்கான பென்டா ஊசியில் அலுமினிய உப்புச் சேர்த்திருக்கும், மருந்தைக் கொஞ்ச நாள் பிடித்துவைத்து உடம்பைத் தூண்டுவது அது. ஒரு முறை உறைந்துவிட்டால் குப்பியைக் குலுக்கி வைத்ததும் திப்பித் திப்பியாக அடியில் இறங்கிவிடும். நல்லதாக இருந்தால் பால் கலங்கின மாதிரி ஒரே சீராக நிற்கும். சந்தேகம் வந்தால் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் நான் ஊசியில் ஏற்றியதே கிடையாது.

கட்டபெட்டு_அம்மா | புதன், இரவு 8.15

போட்டாச்சு! இரண்டு பேருக்கும்.

டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. "மழைதானேம்மா" என்றார். 28-ஐ அடித்துவிட்டு, 3 நாள் தள்ளிப் புதுத் தேதி எழுதித் தந்தார். பையன் இந்த முறை அழவில்லை. தோளில் எழும்பின அந்தச் சின்ன உப்பலைத் தொட்டுப் பார்த்து, "அம்மா, இதுக்குள்ளேதான் பட்டறை போடுமா?" என்று கேட்டான். அங்கே இல்லை, அக்குளில் என்று நான் சொல்ல, பஸ்ஸில் வரும்வரை அக்குளில் கையை வைத்துக்கொண்டே வந்தான். பாப்பாவுக்கு அடுத்தது 4 வாரம் கழித்து, அதுவும் புதன்கிழமை.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் லைன் வீடுகளில் ஒரு தாத்தா இருக்கிறார், தோட்டத்தில் காவல் வேலை. 12 நாளுக்கு முன்னால் அவரையும் அதே நாய் கையில் பிறாண்டியிருக்கிறது. ஒரு ஊசி போட்டதும் போதும் என்று நிறுத்திவிட்டார். நான் பஸ் இறங்கியதும் அவரிடம் போய்க் கேட்டேன். "இனிப் போய் என்ன புண்ணியம், நாள்தான் போயிடுச்சே தாயி" என்கிறார். இவருக்கும் விட்ட இடத்திலிருந்துதானே?

செவிலியம்மா_தும்மனட்டி | புதன், இரவு 8.22

ஆமாம்மா, அவருக்கும்தான். ஆனால் காத்திருக்கக் கூடாது. நாளைக் காலையிலேயே போக வேண்டும், முதல் ஊசிச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல். கடித்த நாய் இப்போது உயிரோடு இருக்கிறதா, எங்கே திரிகிறது என்றும் விசாரித்து டாக்டரிடம் சொல்லுங்கள். தனியாக அனுப்பாதே, பாதியில் திரும்பிவிடுவார்.

கட்டபெட்டு_அம்மா | புதன், இரவு 9.05

பேசிவிட்டேன். முதலில் முரண்டு பிடித்தார். கடைசியில் பையன்தான் போய்த் தன் தோளைக் காட்டி, "தாத்தா, வலிக்கவே இல்லை" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தான். வீட்டுக்காரர் நாளை வேலைக்குப் போகவில்லை, 8 மணி பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறார். சீட்டு அரிசி டின்னுக்குள் இருந்தது, எடுத்து வைத்துவிட்டோம்.